கடுகு வைத்த வெள்ளை ஜாக்கெட்

நாவலூரிலும் சோழிங்கநல்லூரிலும் கண்ணாடிக் கதவு போட்டு, ஏ.சி. வைத்து, தலையில்லாத பொம்மைக்குப் பட்டு சுற்றி வாசலில் நிற்க வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். நீங்கள் எல்லாம் படித்த பெண்கள். ஃபேஷனுக்கு என்று தனியாகக் காலேஜே இருக்கிறதாம். நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டுக் கொக்கி கட்ட உட்கார்ந்தவள். ஆனால் ஒரு பொம்பளை என் கடைப் படியில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு எந்தத் தோள் இறக்கம், எந்தப் பக்கம் இடுப்பு ஏற்றம் என்று சொல்லிவிடுவேன். மேற்குத் தாம்பரத்தில் சரோஜா டெய்லர் என்றால் ரிக்‌ஷாக்காரன் வழி கேட்கமாட்டான். குரோம்பேட்டையிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் ரயில் ஏறி என்னிடம் ஜாக்கெட் தைக்க வந்தார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று அட்டை மாட்டியவள் இந்த வட்டாரத்திலேயே முதலில் நான்தான்.

நம் தையல் சங்கத்து மலருக்கு, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். துணி வெட்டுவதைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை உங்கள் செல்போனில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் தைத்த ஒரே ஒரு ஜாக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன். அது பட்டு இல்லை. ஜரிகை இல்லை. வெறும் வெள்ளை பாப்ளின். அதனால் என் கடையில் பாதி போயிற்று.

முதலில் அளவு ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது நீங்கள் டேப்பை எடுத்து ஆள் உடம்பில் வைத்து அளக்கிறீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படிக் கிடையாது. துணியோடு, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை விரித்து வைத்து அதே மாதிரி வெட்டுவோம். ஆம்பளை டெய்லர் பொம்பளையைத் தொடக்கூடாது என்று வந்த பழக்கம். எனக்குத் தொழில் பழக்கிய பல்லாவரத்து மாஸ்டர், வருகிற பெண்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "ஆளைப் பாக்காதே, அளவைப் பாரு" என்று கத்திரிக்கோலாலேயே என் தலையில் தட்டுவார். நல்ல மனுஷன். சொன்னது மட்டும் தப்பு.

எண்பதுகளின் கடைசி. சேலையூர் பக்கத்து காலனியிலிருந்து ஒரு அம்மா என் பழைய வாடிக்கை. டெலிபோன் ஆபீஸில் வேலை. வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டால் "நம்பர் ப்ளீஸ்" என்று ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரல் அவருடையது. பெயர் எழுதமாட்டேன். அவர் நன்றாக வயதாகி, வேறு ஏதோ நோவில் போய்ச் சேர்ந்தாயிற்று; அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டெலிபோன் அம்மா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் ஆளைக் காணவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று காலனியில் சொன்னார்கள். பிறகு வந்தார். இளைத்திருந்தார். தலையில் முடி குட்டையாக, புதிதாக முளைத்த மாதிரி. புடவைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தார். இரண்டு துணியும் பழைய அளவு ஜாக்கெட்டும் மேஜையில் வைத்தார்.

"அதே அளவுக்கு தைச்சுடுங்க சரோஜா."

அதே அளவுக்குத் தைத்தேன். அளவுப்படி நூல் பிசகவில்லை. இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன்.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். கடையில் கூட்டம். எல்லோரும் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "இடது பக்கம் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க. கை மட்டும் கொஞ்சம் லூசாக்கணும்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா பேசறீங்க? ஒரு பக்கம் பிடிக்கணும்ன்றீங்க, அதே பக்கம் கைய வுடணும்ன்றீங்க. உங்க அளவு ஜாக்கெட் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சரோஜா கை தப்பாது."

"உங்க கை தப்பலை" என்றார். எழுந்து, துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் போய் என்னைக் கூப்பிட்டார். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைப்பை எடுத்தார்.

ஜாக்கெட்டின் இடது பக்கத்தில் கைக்குட்டைகளை மடித்துத் திணித்திருந்தார். அவை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன. மீதித் துணி காற்றுப் போன பந்து மாதிரி உள்ளே விழுந்திருந்தது. இடது கை வலது கையைவிட வீங்கி, ஜாக்கெட் கை சதையில் பதிந்து சிவந்திருந்தது.

"கர்ப்பப்பை இல்லை" என்றார். "இது."

புற்றுநோய் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. ஆபீஸில் எட்டி ஒயர் சொருகும்போது கைக்குட்டை ஒன்று நழுவிக் கீழே விழுந்ததாம். பக்கத்து சீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்து, "மூக்கு துடைக்கிறத ஏன் அங்க வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் தலைப்பை இழுத்து மறுபடி மூடிக்கொண்டார்.

"மாலாவுக்கு இடம் பேசி முடிச்சாச்சு. தை மாசம் கல்யாணம்" என்றார். மாலா அவருடைய ஒரே பெண். "அவங்களுக்குத் தெரிஞ்சா நடக்காது. அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வருமாம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மேடையில நான் கையைத் தூக்கி ஆரத்தி எடுக்கணும் சரோஜா. எல்லாரும் பாப்பாங்க."

பெண்களே, இந்த இடத்தில் நிறைய டெய்லர்கள் 'ஐயோ பாவம்' என்று உட்கார்ந்துவிடுவார்கள். நான் உட்காரவில்லை. டேப்பை எடுத்தேன். அதுவரைக்கும் அந்த அம்மாவை ஒரு தடவைகூட அளந்ததில்லை. தழும்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே உரசினால் எரிகிறது, கை எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டுக் கேட்டு அளந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பட்டுத் துணியில் கை வைக்குமுன், வெள்ளை பாப்ளினில் ஒன்று தைத்துப் பார்த்தேன். இடது பக்கத்துக்குள் ஒரு பை. முதலில் பஞ்சு வைத்தேன். பஞ்சுக்குக் கனம் இல்லை. கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் மட்டும் ஜாக்கெட் மேலே ஏறியது. கடைசியில் மெல்லிய மல் துணியில் கடுகைக் கட்டிச் சுற்றிலும் பஞ்சு வைத்தேன். அது உடம்போடு அசைந்தது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது. இடது கையில் உள்பக்கம் தாராளமாகத் துணி விட்டேன், வீக்கம் ஏறினால் பிரித்துவிட. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தக் காலேஜிலும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

அந்த வெள்ளை ஜாக்கெட், மறுநாள் அவர் வந்து போட்டுப் பார்ப்பதற்காக என் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அங்கேதான் வினை.

மாப்பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தார். சம்பந்தியம்மா. குரோம்பேட்டையில் அவர்களுக்கு இரும்புக் கடை. கல்யாண ஜாக்கெட் தைக்க வந்ததாகச் சொல்லி நான்கு பட்டுத் துணியை மேஜையில் பரப்பினார். குரோம்பேட்டையில் டெய்லரே இல்லாத மாதிரி தாம்பரம் வந்திருக்கிறாரே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. கண் துணியில் இல்லை. கடையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"எங்க சம்பந்தி உங்ககிட்டதான் தைக்கிறாங்களாமே?"

"தாம்பரத்துல பாதிப் பேரு என்கிட்டதான்."

"உடம்பு ரொம்ப இளைச்சிட்டாங்க. கர்ப்பப்பை எடுத்ததுக்கா தலைமுடி கொட்டும்? என் ஓரகத்தியும்தான் எடுத்துக்கினா. எரும மாட்டாட்டம் கீறா."

என்னிடம் வேலைக்கு இருந்த கன்னியம்மா, கொக்கி கட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் காதை மட்டும் இங்கே வைத்திருந்தாள். அதற்குள் அந்த அம்மா கையை நீட்டி ஆணியிலிருந்த வெள்ளை ஜாக்கெட்டை எடுத்துவிட்டார்.

"இன்னாது, கனமா கீது?" இடது பக்கத்தைப் பிசைந்தார். "கடுகா? ஒரு பக்கம் மட்டும் கடுகு கட்டி வெச்சிருக்கே. செய்வினையா?"

கன்னியம்மாவின் ஊசி நின்றது.

"யாருதுமா இது?" என்றார். குரல் இறங்கிவிட்டது. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினார். ஒரு பக்கம் வெறும் துணி, ஒரு பக்கம் பை. பிள்ளை பெற்ற பொம்பளை. இரண்டு நொடியில் புரிந்துவிட்டது. "எங்க சம்பந்தியுதுதானே? சொல்லு."

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. 'தெரியாது' என்றால் அவருடையது என்று அர்த்தம். 'வேற ஒரு கஸ்டமருது' என்றால் 'பேரைச் சொல்லு' என்பார். பெயர் சொல்லாவிட்டால் அதுவும் அவருடையது என்றுதான் அர்த்தம். அந்த அம்மா வெளியே போய் ரயில் ஏறினால் மாலாவின் கல்யாணம் அன்றைக்குச் சாயங்காலமே நின்றுவிடும். செய்வினை என்றே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சூனியக்காரி என்று பேர் வந்தால் முழுக் கடையும் போகும். வியாதி என்றால் போனால் நாலு பேர் போவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

"என்னுது" என்றேன்.



"உன்னுதா?"

"ஆமா. எனக்குத்தான் இடது பக்கம் எடுத்துட்டாங்க. யாருக்கும் சொல்லல. நீங்க கையில எடுத்துட்டீங்க, சொல்றேன்."

அவருடைய பார்வை என் முகத்திலிருந்து நேராக என் மார்புக்கு இறங்கி அங்கேயே நின்றது. நான் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். "நம்பலையா? உள்ள வாங்க, அவுத்துக் காட்டறேன்" என்று எழுந்தேன். காட்ட என்னிடம் என்ன இருந்தது? இரண்டு பக்கமும் கல்லு மாதிரி இருந்தது. ஆனால் என் குரலில் அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

"ஐயே, வேணாம்மா, வேணாம்." ஜாக்கெட்டை மேஜையில் போட்டார். கையைத் தன் புடவையில் துடைத்தார். போதவில்லை. "கை கழுவணும்" என்றார். பானையைக் காட்டினேன். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்ல, வீட்ல போய் கழுவிக்கறேன்" என்று நாலு பட்டையும் வாரிச் சுருட்டிக்கொண்டு படி இறங்கினார். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

கன்னியம்மா என்னையே பார்த்தாள். "இன்னாக்கா, என்கிட்டகூட சொல்லல?" என்று அழுதாள். அழுது முடித்தவள் மறுநாள் வீட்டிலிருந்து தனி டம்ளர் கொண்டுவந்தாள்.

அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ஒருவரிடம்தான் சொன்னேன். ரகசியம் இரண்டு வாய்க்கு மேல் போனால் அது ரகசியம் இல்லை.

பிறகு நடந்ததை ஒரு வாரத்துக்குள் தாம்பரமே நடத்திக் காட்டியது. பாதி தைத்த துணியை 'அவசரமா வேணும்' என்று திருப்பி வாங்கினார்கள். கத்திரிக்கோல் பட்டது வரைக்கும் சரி, நான் வாயில் வைத்துக் கடித்த நூல் அதில் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி அளவு ஜாக்கெட்டை அளக்கக்கூடத் தன் வீட்டு டேப்பைக் கொண்டுவந்தாள். 'நல்ல காரியத்துக்குத் தைக்கிற கை, அதான் பாக்கறோம்' என்று பத்து வருஷ வாடிக்கை ஒருத்தி என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நான் அவளுடைய மூன்று பெண்களின் சீமந்தத்துக்கும் தைத்தவள். முகூர்த்த ஜாக்கெட் ஆர்டர் ஒன்றுகூட அந்தத் தை மாதம் வரவில்லை. வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இடது பக்கத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வேறு மாதிரி. ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு எல்லோரும் டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவருடைய அக்கா திருமுடிவாக்கத்திலிருந்து வந்து, எனக்குக் கேட்கிற மாதிரியே, "நீ இன்னும் வயசான ஆளா? ஒரு தொணை பாத்துக்கோடா" என்றாள்.

அன்று அவர் சோறு சாப்பிடவில்லை. "இன்னாமே, ஊருக்கெல்லாம் நீ பாதி பொம்பளையாம், நான் பாவமாம். ஒரே ஒரு வார்த்தை நான் வெளிய சொன்னா இதெல்லாம் முடிஞ்சிடும்."

"சொல்லு. அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுடும். அப்புறம் உனக்கு டீ யாரு வாங்கித் தருவா?"

அவர் சிரித்துவிட்டார். வெளியே சொல்லவில்லை. அந்த விஷயத்தில் என் புருஷனை மாதிரி ஒரு ஆம்பளையை நீங்கள் பார்க்கமாட்டீர்கள்.

டெலிபோன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சம்பந்தியம்மாவே போய், 'அந்த டெய்லரம்மாவுக்கு அந்த வியாதி, அங்கே துணி கொடுக்காதீங்க' என்று புத்தி சொல்லியிருக்கிறார். ஒரு மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது பின்பக்கச் சந்து வழியாக வந்தார். நான் கடுகு வைத்துத் திருத்திய பழைய இரண்டோடு கல்யாணப் பட்டு ஜாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து, கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. நான் வேறு ஏதோ எதிர்பார்த்து நின்றேன். ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"சரோஜா" என்றார். "பத்திரிகை கொடுத்திருந்தேன் இல்லே. நீங்க கல்யாணத்துக்கு வர வேண்டாம்."

நான் கையிலிருந்த ஊசியைத் துணியில் செருகினேன்.

"அவங்க வீட்ல உங்களைப் பாத்தா பேசுவாங்க. உங்களோட நான் நின்னு பேசினா, என்ன பழக்கம்னு யோசிப்பாங்க. நான் அந்தம்மா சொல்றதுக்குத் தலையாட்டித்தான் ஆகணும். நீங்க புரிஞ்சுக்குவீங்க."

"புரியுதும்மா. கல்யாணத்துல மோர்க்குழம்பு வெப்பாங்களா, சாம்பாரான்னு மட்டும் சொல்லுங்க. வூட்டுல வெச்சு சாப்பிட்டுக்கறேன்" என்றேன். அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எனக்கு எரிந்தது. எந்த உடம்புக்கு வந்த வியாதி, யாரை ஊர் ஒதுக்குகிறது? என்னையே ஒதுங்கச் சொல்லி வந்து நிற்கிறவர் யார்?

மாலாவின் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். சம்பந்தியம்மா வாயால் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் பரவிய பேச்சு வேறொரு வேலை செய்தது. யாருக்கும் தெரியாமல் மார்பில் கட்டியோடும் தழும்போடும் வீட்டுக்குள் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். மத்தியான வெயிலில், தலையில் முக்காடு போட்டு. 'உங்களுக்கும் இருக்காமே அக்கா' என்பார்கள். நான் இல்லை என்று சொன்னதில்லை. கடுகு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் உடம்பில் கற்றதையெல்லாம் என் உடம்பில் பட்ட மாதிரியே அடுத்தவளுக்குச் சொன்னேன். ஒருத்தியும் வாசல் வழியாக வந்ததில்லை. எல்லாம் சந்து வழிதான்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து வசந்தி வந்தாள். முடிச்சூர்ப் பெண். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கையெழுத்துப் போடாமல் ஓடி வந்துவிட்டாள். மாமியார் ஏதோ ஒரு ஊரில் பச்சிலை வைத்துக் கட்டுகிறவனிடம் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு சாவறது பயமில்லக்கா" என்றாள். "அப்புறம் பாக்க எப்படி இருப்பேன்? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களுத ஒரு தடவ காட்டுங்க. பாத்துட்டு, தாங்க முடியும்னா போய் கையெழுத்து போடறேன். இல்லாட்டி பச்சிலதான்."

எவ்வளவோ பேசினேன். "பேச்சு வேணாம், காட்டுங்க" என்று ஒரே பிடி. வாய்ச் சாமர்த்தியத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அந்தப் பெண்ணிடம் என் வாய் செல்லவில்லை. என்னிடம் எதுவும் இல்லை என்று சொன்னால், ஏன் பொய் சொன்னாய் என்று ஊர் கேட்கும். அப்படியானால் அந்த வெள்ளை ஜாக்கெட் யாருடையது என்று சம்பந்தியம்மா கேட்பார். மாலா அப்போது அந்த வீட்டில் மாசமாக இருந்தாள். சொல்லாமல் இருந்தால் இவள் பச்சிலையைக் கட்டிக்கொண்டு சாவாள்.

"நாளைக்கு மத்தியானம் வா, காட்டறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கல் ஷாப் டெலிபோனில் ட்ரங்க் புக்கிங் நம்பரைச் சுற்றினேன். வேறு வேறு குரல். வைத்தேன், சுற்றினேன், வைத்தேன். மெடிக்கல்காரர் முறைத்தார். கடைசியில் அந்தக் குரல் வந்தது.

"ட்ரங்க் புக்கிங். நம்பர் ப்ளீஸ்."

"நான் தையல்கடை சரோஜாம்மா."

மறுமுனையில் ஒரு மூச்சு. சுற்றிலும் மற்றப் பெண்கள் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊருக்கு வேணும்?" என்றார், யாரோ மூன்றாம் மனுஷியிடம் கேட்கிற மாதிரி.

"ஊருக்கு இல்லம்மா. ஒரு சின்னப் பொண்ணு. ஆபரேஷன் வேணாம்னு கீது. காட்டுனாதான் போவேன்னுது. என்கிட்ட காட்ட இன்னா கீது? நாளைக்கு மத்தியானம் வரும். கடைய மூடி வெக்கறேன்."

"ஆர்டினரியா, அர்ஜென்ட்டா?"

"அர்ஜென்ட்டு."

"லைன் கிடைக்கறது கஷ்டம்" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் கன்னியம்மாவை நூல் வாங்க பஜாருக்கு அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். வசந்தி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் ஒரு பொத்தான் காஜாவையே திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன். சந்துப் பக்கம் குடை மடங்குகிற சத்தம் கேட்டது. டெலிபோன் அம்மா உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் போய்த் திரையை இழுத்தார். அங்கே கண்ணாடிக்கு மேலே ஒரு பெரிய பல்பு. "லைட் போடட்டுமாக்கா?" என்று வசந்தி கேட்டாள். "போடு" என்றார்.

நான் திரைக்கு முதுகைக் காட்டிக் காவல் நின்றேன். கொக்கி அவிழ்கிற சத்தம் கேட்டது. என் கடைக் கொக்கி. இன்னும் கடுகு வைத்து நான் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.



"வலிக்குமா?" இது வசந்தி.

"இப்ப இல்லை. மழைக்காலத்துல கை மட்டும் இழுக்கும்."

"தொடட்டுமா?"

அவர் பதில் சொன்னது கேட்கவில்லை.

"உங்க வீட்டுக்காரரு எப்படிக்கா?"

"லைட்டை அணைச்சுடுவார்." கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "அவரை மட்டும் சொல்லக் கூடாது. நானும் குளிக்கும்போது கீழ பாக்க மாட்டேன். இந்தக் கண்ணாடியில உன்கூட நின்னு இன்னிக்குத்தான் முழுசா பாக்கறேன். இவ்ளோதான். தையல் போட்ட இடம் மாதிரி. இதோட பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிட்டேன். வேலைக்குப் போறேன். பேரன் வரப் போறான். நீ கையெழுத்து போட்டுடு."

வசந்தி வெளியே வரும்போது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தாள். என் இடது பக்கத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் ஷட்டருக்குக் குனிந்து போய்விட்டாள். அந்த வாரமே கையெழுத்துப் போட்டாள். புருஷன் வீட்டில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். விட்டுவிட்டுப் போகட்டும். ஆள் இருக்கிறாள். போன பொங்கலுக்குக்கூட வந்து போனாள்.

டெலிபோன் அம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் நின்றார். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். என் கடையில் பாதி போனதற்கு, என் நாத்தனார் பேசியதற்கு, கல்யாணச் சோற்றுக்கு. அவர் இடது கையை நீட்டினார்.

"கை ரொம்பப் பிடிக்குது சரோஜா."

ஜாக்கெட் கை சதையை இறுக்கியிருந்தது. வீக்கம் ஏறியிருக்கிறது. இத்தனை நாளும் வேறு டெய்லரிடமும் கொடுக்கமுடியாமல், என்னிடமும் வரமுடியாமல் அதையே போட்டு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நின்ற வாக்கிலேயே ஊசியால் தையலைப் பிரித்தேன். உள்ளே நான் விட்டு வைத்திருந்த துணியை எடுத்துவிட்டு மறுபடி தைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முடிந்ததும் கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இனிமே ஆபீசுக்கு போன் பண்ணாதீங்க" என்றார். குடையை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போய்விட்டார்.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன். அளவு ஜாக்கெட்டை நம்பாதீர்கள், ஆளைப் பாருங்கள். அறைக்குள் பார்த்ததை ஆணியில் மாட்டாதீர்கள். நன்றி கிடைக்கும் என்று ஒருநாளும் தைக்காதீர்கள்.

அதற்கு அடுத்த வருஷம் தாம்பரம் ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்தேன். முன்னால் மாலா, இடுப்பில் குழந்தை. பின்னால் சம்பந்திகள் இரண்டு பேரும். நான் எதிரில் வருவதைப் பார்த்ததும் சம்பந்தியம்மா நின்றுவிட்டார்.

"அந்தப் பக்கம் போவாதீங்க, குழந்தை கீது. அந்தம்மா வருது பாருங்க" என்று டெலிபோன் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார்.

டெலிபோன் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, சம்பந்தியம்மா இழுத்த பக்கமே ஒதுங்கி நடந்தார். நான் நின்று அவர் போவதைப் பார்த்தேன். மாலாவிடமிருந்து குழந்தையை வாங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ரயிலைக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறியது. இடது கை எங்கேயும் பிடிக்கவில்லை.